ஓடை வாசிப்பானுக்குள் பின்னூட்டப் பெட்டி: முதல் உலாவி நீட்சியைச் செய்ய ஒரு வழிகாட்டி

பல தளங்களின் புதுப் பதிவுகளை ஓரிடத்தில் திரட்டித் தரும் செயலிக்கு ஓடை வாசிப்பான் என்று பெயர். அப்படியொன்றான கூகிள் ரீடர் இருந்த காலத்தில், நண்பர் பகிர்ந்த கட்டுரைக்குக் கீழேயே நாலு வரி எழுதி விவாதிக்க முடிந்தது. 2011 கடைசியில் அந்த வசதியை எடுத்தார்கள். 2013 ஜூலை 1ஆம் திகதி ரீடரையே மூடினார்கள். அதற்குப் பிறகு படிப்பது ஓரிடம், கதைப்பது இன்னோரிடம் என்றாகிவிட்டது. ஃபீட்லி, இனோரீடர் போன்ற வாசிப்பான்களில் படித்த கட்டுரையின் லிங்கை வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். இரண்டு பேர் உருப்படியாக ஏதோ சொல்கிறார்கள். அடுத்த நாள் பார்த்தால் அது காலை வணக்கப் படங்களுக்குள் புதைந்து கிடக்கும். கிண்டி எடுக்க ஒருவரும் போவதில்லை.

நியூஸ்பிளர் போன்ற சில வாசிப்பான்களில் பின்னூட்ட வசதி உள்ளேயே இருக்கிறது. ஆனால் உங்கள் நண்பர்கள் எல்லாரும் அதற்கு மாறினால்தான் பயன். அவரவர் தமக்குப் பழகிய வாசிப்பானிலேயே இருக்கட்டும், பின்னூட்டப் பெட்டியை நாங்கள் அங்கே கொண்டுபோய் வைப்போம் என்பதுதான் இந்த நீட்சியின், அதாவது உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரலின், வேலை. எச்டிஎம்எல், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தால் காணும். ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்குத் தோதான வேலை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியும் பொத்தானும் ஒரு பின்னேர வேலை. நேரத்தைத் தின்னப்போவது, இரண்டு பேர் படிப்பது ஒரே கட்டுரைதானா என்று கண்டுபிடிக்கிற வேலை. அந்தப் பகுதியை நீட்டித்தான் எழுதியிருக்கிறேன். மற்றவற்றை ஓடிக் கடக்கலாம்.

எந்த வாசிப்பானில் தொடங்குவது

எல்லா வாசிப்பான்களுக்கும் சேர்த்துச் செய்யப் போகாதீர்கள். ஒன்றே ஒன்று. என் தெரிவு ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ். இலவசம், திறந்த மூலம், பிஎச்பியில் எழுதப்பட்டது, எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளம் இருந்தாலே ஓடும். உங்கள் மடிக்கணினியிலேயே நிறுவிவிடலாம். அதன் பக்கத்தை உலாவியின் டெவலப்பர் டூல்ஸில் திறந்து பார்த்தால், ஒவ்வொரு கட்டுரையும் 'ஃப்ளக்ஸ்' என்ற கிளாஸ் பெயரோடு தனித்தனிப் பெட்டியாக இருப்பது தெரியும். வணிக வாசிப்பான்களில் பக்கம் முழுக்க ஸ்கிரிப்டால் கட்டப்படுவதால், இன்றைக்குப் பார்த்த கிளாஸ் பெயர் அடுத்த மாதம் மாறியிருக்கலாம். பழகும்வரை அந்தத் தலையிடி வேண்டாம்.

மேனிஃபெஸ்டும் மற்றக் கோப்புகளும்

புதிய கோப்புறை ஒன்றில் நாலு கோப்புகள்: மேனிஃபெஸ்ட், கன்டென்ட் ஸ்கிரிப்ட், பின்னணி ஸ்கிரிப்ட், அமைப்புப் பக்கம்.

மேனிஃபெஸ்ட் என்பது நீட்சியின் பெயர், அனுமதிகள், கோப்புகள் எவை என்று உலாவிக்குச் சொல்லும் ஜேசன் கோப்பு. பதிப்பு எண்ணாக 3 போடுங்கள். குரோம் 2021 ஜனவரியில், 88ஆம் பதிப்பிலிருந்து இதை ஏற்கிறது. ஃபயர்பொக்ஸ் 2023 ஜனவரியில், 109ஆம் பதிப்பில் வந்து சேர்ந்தது. இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்கள் பல 2ஆம் பதிப்புக்கு எழுதியவை. அவற்றை அப்படியே பார்த்து எழுதினால் குரோம் ஏற்காது.

அனுமதிகளைக் கேட்பதில் கஞ்சத்தனம் காட்டுங்கள். தேவைப்படுவது மூன்றுதான்: ஸ்டோரேஜ் (உலாவிக்குள் தரவைச் சேமிக்க), வாசிப்பானின் முகவரி, பின்னூட்டங்களை வைத்திருக்கும் உங்கள் சேர்வரின் முகவரி. 'எல்லாத் தளங்களும்' என்று போட்டால் வேலை சுலபம்தான். ஆனால் நிறுவும்போது 'நீங்கள் பார்க்கும் எல்லாத் தளங்களின் தரவையும் இது படிக்கும்' என்ற எச்சரிக்கை வரும். அதைப் பார்த்தபிறகும் நிறுவுகிறவர் உங்கள் மச்சானாகத்தான் இருப்பார்.

கன்டென்ட் ஸ்கிரிப்ட் வாசிப்பானின் பக்கத்துக்குள் ஓடுவது. பின்னணி ஸ்கிரிப்ட் பக்கத்துக்கு வெளியே இருந்து சேர்வரோடு கதைப்பது. இரண்டும் செய்தி அனுப்பித்தான் பேசிக்கொள்ளும். கன்டென்ட் ஸ்கிரிப்டிலிருந்தே சேர்வரைக் கூப்பிட்டால் என்ன என்று தோன்றும். குரோமில் அந்த அழைப்பு வாசிப்பானின் தளத்திலிருந்து போனதாகவே கணக்கிடப்பட்டு, ஒரு தளத்தின் பக்கம் இன்னொரு தளத்தின் தரவை எடுப்பதைக் கட்டுப்படுத்தும் கோர்ஸ் விதியில் தடைப்படும். ஆகவே சேர்வர் வேலை முழுக்கப் பின்னணியில்.

பின்னணி ஸ்கிரிப்டில் புதியவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. குரோமில் அது ஒரு சேர்விஸ் வேர்க்கர், அதாவது வேலை வரும்போது மட்டும் எழும்பி ஓடும் ஸ்கிரிப்ட். 30 செக்கன் வேலை இல்லாவிட்டால் உலாவி அதை நிறுத்திவிடும், அதற்குள் மாறிகளில் வைத்திருந்த எல்லாம் போய்விடும். மறக்கக் கூடாத எதையும் ஸ்டோரேஜில் எழுதுங்கள். ஃபயர்பொக்ஸ் சேர்விஸ் வேர்க்கருக்குப் பதில் சாதாரணப் பின்னணி ஸ்கிரிப்டைக் கேட்கும். இரண்டு உலாவிகளிலும் 121ஆம் பதிப்பிலிருந்து ஒரே மேனிஃபெஸ்டில் இரண்டு வரிகளையும் எழுதலாம். அவரவர் தமக்குத் தேவையானதை எடுத்துக்கொள்வார்கள். ஃபயர்பொக்ஸுக்கு நீட்சியின் ஐடி ஒன்றையும் மேனிஃபெஸ்டில் கொடுத்துவிடுங்கள்.

கட்டுரையைப் பிடிப்பது

பக்கம் திறந்தவுடன் கட்டுரைகளைத் தேடி முடித்துவிட்டுப் படுத்துவிட்டால் சரிவராது. கீழே உருட்ட உருட்ட வாசிப்பான் புதுக் கட்டுரைகளைக் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டே இருக்கும். கட்டுரைகள் சேரும் பெட்டியை, பக்கத்தில் நடக்கும் மாற்றங்களை அறிவிக்கும் மியூட்டேஷன் அப்சர்வர் கொண்டு கவனியுங்கள். புதிதாக வந்த ஒவ்வொரு ஃப்ளக்ஸுக்கும் உங்கள் அடையாளம் ஒன்றைக் குத்திவிட்டால், ஒரே கட்டுரைக்கு இரண்டு பெட்டி முளைக்காது. சேர்வரைக் கேட்பது, ஒருவர் கட்டுரையைத் திறந்த பிறகு மட்டும். ஐந்நூறு தலைப்புகள் வரிசையில் நிற்க ஐந்நூறு அழைப்பு விட்டால், போன் டேட்டாவில் படிப்பவரின் பக்கேஜ் உங்களால் முடியும்.

ஒரே கட்டுரைதானா?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒருவர் தன் வாசிப்பானில் கட்டுரையைத் திறந்து பின்னூட்டம் போடுகிறார். கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் அவரது பெரியம்மா மகன் அதே கட்டுரையைத் திறக்கிறார். பெட்டி வெறுமை. பார்த்தால், திருநெல்வேலிக்காரருடைய லிங்க் எச்டிடிபிஎஸ்ஸில் தொடங்கி அப்படியே முடிகிறது. ஸ்காபரோக்காரருடையதில் முன்னால் மூன்று டபிள்யூ, பின்னால் யூடிஎம் என்று தொடங்கும், வாசகர் எங்கிருந்து வந்தார் என்று அறிய ஒட்டிய நீண்ட வால். ஒரே வீட்டுக்கு முன் கேற்றாலும் வரலாம், பின் ஒழுங்கையாலும் வரலாம். கணினிக்கு அவை இரண்டு வீடு.

செய்தியோடையில் இதற்கென்றே ஓர் அடையாளம் இருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். ஓடைகளை எழுதும் வடிவங்களில் ஒன்றான ஆர்எஸ்எஸ் 2.0இல் ஒவ்வொரு உருப்படிக்கும் 'கைட்' என்ற குறி கொடுக்கலாம். 2005 டிசம்பரில் வந்த இன்னொரு வடிவமான ஆட்டம் தரத்தில் 'ஐடி' கட்டாயம். ஆனால் அவை ஓடைக்குள் இருப்பவை. வாசிப்பான் அவற்றைத் தன் தரவுத்தளத்தில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் தலைப்பையும் லிங்கையும்தான் காட்டும். கன்டென்ட் ஸ்கிரிப்டின் கண்ணுக்குப் படுவது லிங்க் மட்டுமே. அதிலிருந்துதான் கட்டுரைக்கான சாவியை, அதாவது எல்லாருக்கும் ஒன்றாக அமையும் அடையாளத்தை, செய்ய வேண்டும்.

செய்கிற முறை இது. முகவரியை எடுத்து எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் வேறுபாட்டை விடுங்கள். தளப் பெயரைச் சிறிய எழுத்தாக்கி, முன்னால் உள்ள மூன்று டபிள்யூவைக் கழியுங்கள். # குறிக்குப் பிறகு வருவதை வெட்டுங்கள், கடைசிச் சாய்கோட்டையும் எடுங்கள். கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதில்தான் நிதானம் வேண்டும். மொத்தமாக வெட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும், ஆனால் பல பழைய செய்தித் தளங்களில் கட்டுரை எண்ணே கேள்விக்குறிக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதை வெட்டினால் அந்தத் தளத்தின் எல்லாக் கட்டுரைக்கும் ஒரே பின்னூட்டப் பெட்டி. மரண அறிவித்தலுக்குக் கீழே கிரிக்கெட் சண்டை நடக்கும். எனவே தெரிந்த குப்பைகளை மட்டும் பெயர் பார்த்து எடுங்கள்: யூடிஎம் வரிசை, பேஸ்புக், கூகிள் விளம்பரங்கள் ஒட்டிவிடும் கிளிக் ஐடிகள், பிளாக்கர் தளங்களில் போனுக்காக வரும் 'எம் சமன் 1'.

அடுத்தது தமிழ் முகவரிகளுக்கே உரிய சிக்கல். முகவரியில் தமிழ் எழுத்து வந்தால் அது சதவீதக் குறிகளாக மாறும். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட், ஒரு பைட்டுக்கு 3 எழுத்து. அப்படியானால் ஒரு குறியீட்டுக்கு 9 எழுத்து. 'யாழ்ப்பாணம்' என்ற சொல்லில் 11 குறியீடுகள், முகவரியில் அது 99 எழுத்தாக நீளும். இந்தக் குறிகளில் வரும் ஆங்கில எழுத்துகளை வேர்ட்பிரஸ் சிறிய எழுத்தில் எழுதும். உலாவி தானாக மாற்றும்போது பெரிய எழுத்தில் எழுதும். இரண்டுக்கும் பொருள் ஒன்று, ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் வேறு. ஜாவாஸ்கிரிப்டின் யூஆர்எல் வகுப்பு, ஏற்கெனவே குறியாக இருப்பதைத் தொடாமல் விட்டுவிடும். ஆகவே நீங்களே ஒருமுறை பிரித்து, திரும்ப ஒரே முறையில் குறியாக்குங்கள். ஆங்கிலத் தளங்களை மட்டும் வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை ஒருநாளும் அகப்படாது.

லிங்கே உதவாத இடமும் வரும். கூகிள் நியூஸ் ஓடையில் வருவது கட்டுரையின் முகவரி அல்ல, திசைதிருப்பும் முகவரி. அப்போது தலைப்பையும் திகதியையும் துணைக்கு எடுக்கலாம். தலைப்பை ஒப்பிடும்முன், ஒரே எழுத்தின் வேறுவேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் என்எஃப்சி முறைக்குக் கொண்டுவாருங்கள். 'கொ' என்பதை க, ொ என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம், க, ெ, ா என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. ஜாவாஸ்கிரிப்டின் நோர்மலைஸ் இதைச் சரிசெய்யும். ஆனால் 'ஸ்ரீ'யை அது சரிசெய்யாது. ஸ என்ற எழுத்தில் தொடங்கும் ஸ்ரீயும் ஶ என்ற எழுத்தில் தொடங்கும் ஶ்ரீயும் பல எழுத்துருக்களில் ஒன்றுபோலவே தெரியும், உள்ளே வேறு. ஸ்ரீலங்கா என்று தொடங்கும் தலைப்புகள் எங்களூர்ச் செய்திகளில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அந்த ஒன்றைக் கையால் மாற்றிவிடுங்கள்.

கிடைத்த முகவரியை எஸ்எச்ஏ-256 கொண்டு ஹேஷ் ஆக்கினால், அதாவது திரும்பப் பிரிக்க முடியாத ஒரே நீளக் குறியாக மாற்றினால், அதுதான் சாவி. உலாவியின் கிரிப்டோ வசதி பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே கிடைக்கும். வீட்டு வலையமைப்பில் வெறும் எச்டிடிபியில் ஓடும் வாசிப்பானின் பக்கத்தில் அது இராது. அதனால் ஹேஷ் வேலையையும் பின்னணி ஸ்கிரிப்டிடமே கொடுங்கள்.

இன்னொன்று. ஒருவர் திறக்கும் ஒவ்வொரு கட்டுரையின் சாவியும் உங்கள் சேர்வருக்கு வந்தால், அவர் என்ன படிக்கிறார் என்ற முழுப் பட்டியலும் உங்களிடம் சேரும். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு பட்டியல் ஒருவர் கையில் இருப்பது நல்லதல்ல, அது உங்கள் கையாக இருந்தாலும். முழுச் சாவியை அனுப்பாமல் அதன் முதல் 3 எழுத்தை மட்டும் அனுப்புங்கள். மொத்தம் 4,096 கூறுகள். சேர்வர் அந்த மூன்றெழுத்தில் தொடங்கும் எல்லாப் பின்னூட்டங்களையும் தரட்டும், உரியதை உலாவியே பொறுக்கிக்கொள்ளும். கசிந்த கடவுச்சொற்களைச் சரிபார்க்கும் 'ஹேவ் ஐ பீன் போன்ட்' சேவை முதல் 5 எழுத்தை வைத்து இப்படித்தான் செய்கிறது. பின்னூட்டம் போடும்போது மட்டும் முழு முகவரி போகட்டும். எழுதத் துணிந்தவர் எங்கே எழுதுகிறார் என்பதை மறைக்க முடியாதுதானே.

பெட்டியும் விசைப்பலகையும்

பெட்டியை ஷேடோ டொமுக்குள், அதாவது பக்கத்தின் மற்றப் பகுதியிலிருந்து தனிப்படுத்திய கூட்டுக்குள், வையுங்கள். வாசிப்பானின் சிஎஸ்எஸ் உங்கள் பெட்டியைக் குலைக்காது, உங்களுடையது அதைக் குலைக்காது. மற்றவர் எழுதியதைக் காட்டும்போது இன்னர் எச்டிஎம்எல் பக்கமே போகாதீர்கள், டெக்ஸ்ட் கன்டென்ட்தான். இதில் சமரசம் இல்லை. பின்னூட்டத்துக்குள் ஸ்கிரிப்ட் வைத்து அனுப்புகிறவர் ஒருவர் எப்படியும் வருவார்.

சரி, பெட்டி வந்துவிட்டது. கர்சரை வைத்து எழுதத் தொடங்குங்கள். ஓடை வாசிப்பான்கள் பலவற்றில் ஜே விசை அடுத்த கட்டுரை, கே விசை முந்தைய கட்டுரை. பாமினி விசைப்பலகையில் 'த' இருப்பது ஜேயில், 'ம' இருப்பது கேயில். 'தமிழ்' என்று தட்டத் தொடங்கியதும் வாசிப்பான் ஒரு கட்டுரை முன்னே ஓடி, ஒரு கட்டுரை பின்னே வரும்!

யாராவது எழுத்துப் பெட்டிக்குள் தட்டினால் குறுக்குவிசைகளை விட்டுவிடு என்று வாசிப்பான்களில் ஏற்கெனவே எழுதியிருப்பார்கள். ஆனால் ஷேடோ டொமுக்குள் நடப்பதை வெளியே இருக்கும் ஸ்கிரிப்ட் பார்க்கும்போது, தட்டு விழுந்த இடம் எழுத்துப் பெட்டியாகத் தெரியாது. வெளிப்பெட்டியாகத்தான் தெரியும். அதனால் அந்தக் காவல் வேலை செய்யாது. கீ டவுன், கீ அப், கீ பிரஸ் மூன்றையும் உங்கள் பெட்டியின் எல்லையிலேயே ஸ்டாப் ப்ரொபகேஷன் போட்டு நிறுத்துங்கள். வாசிப்பான் கேப்சர் கட்டத்திலேயே, அதாவது தட்டு உங்கள் பெட்டிக்கு வந்து சேரும் முன்னரே, விசையைப் பிடிப்பதாக இருந்தால் இதுவும் போதாது. அப்போது எழுதும் பெட்டியை ஐஃப்ரேமுக்குள் வைப்பதுதான் வழி.

என்டர் தட்டினால் அனுப்புவது என்று வைத்தால், சொல் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும்போது வரும் என்டரைக் கணக்கில் எடுக்காதீர்கள். 'இஸ் கொம்போசிங்' உண்மையா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். எழுத்து எல்லை வைப்பதானால் லெங்த்தை நம்பாதீர்கள். 'யாழ்ப்பாணம்' எங்களுக்கு 6 எழுத்து, லெங்த்துக்கு 11. இன்டில் செக்மென்டர் நாங்கள் எண்ணுவதுபோல் எண்ணும். பழைய வேர்ட் கோப்பிலிருந்து பாமினி எழுத்துருவில் உள்ளதை வெட்டி ஒட்டுகிறவர்களும் இருப்பார்கள். அது ஆங்கில எழுத்துக் குழம்பாக வந்து விழும். ஒருங்குறிக்கு மாற்றிவிட்டு ஒட்டச் சொல்லி ஒரு வரி காட்டினால் போதும், மாற்றியை நீங்கள் எழுத வேண்டியதில்லை.

எழுதிக்கொண்டிருப்பதை ஸ்டோரேஜில் சேமித்துக்கொண்டே இருங்கள். மழை இருட்டினால் இங்கே முதலில் போவது கரண்ட்.

சேர்வர்

மூன்று அட்டவணைகள்: ஆக்கள், கட்டுரைகள், பின்னூட்டங்கள். ஒரே கட்டுரைக்கு இரண்டு சாவி இருக்கலாம் என்பதால் சாவிகளுக்கு நாலாவதாக ஒன்று. ஒருவர் முதல் பின்னூட்டம் போடும்போது, அந்தக் கட்டுரையின் பக்கத்தில் கனோனிக்கல் முகவரி (இதுதான் மூல முகவரி என்று தளமே சொல்வது) கொடுத்திருக்கிறார்களா என்று சேர்வர் போய்ப் பார்த்து, அதையும் இன்னொரு சாவியாகச் சேர்க்கட்டும். அப்படிப் போகும்போது உள்வலை முகவரிகளுக்குப் போகாதபடி தடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் சேர்வரை வைத்தே உங்கள் வீட்டு ரவுட்டரைத் தட்டிப் பார்ப்பார்கள். எஸ்கியூலைட் போதும், பெரிய தரவுத்தளம் வேண்டாம்.

பல சேர்வர்கள் சேர்ந்து இயங்கும் சமூக வலைத்தளமான மாஸ்டடனோடு இணைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அதன் அடித்தளமான ஆக்டிவிட்டிபப் 2018 ஜனவரியில், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையான நல்ல தரம். ஆனால் முதல் முயற்சியில் அதைத் தொட்டால், பின்னூட்டப் பெட்டியை விட்டுவிட்டுக் கையொப்பச் சரிபார்ப்போடு மல்லுக்கட்டுவீர்கள். பிறகு பார்க்கலாம்.

உள்நுழைவுக்கு அழைப்புக் குறி முறை நல்லது. ஏற்கெனவே உள்ள ஒருவர் கொடுத்தால்தான் புதியவர் வரலாம். இதில் இரண்டு லாபம். ஸ்பாம் குறையும். வெறும் பெட்டியைப் பார்த்துத் திரும்புகிற சங்கடமும் குறையும், ஏனென்றால் வருகிறவர்கள் ஒரே ஓடைகளைப் படிக்கும் ஒரே கூட்டமாக இருப்பார்கள். ஊரில் இருக்கும் வகுப்புத் தோழர்கள் சிலர், லண்டனிலும் பாரிஸிலும் இருக்கும் சிலர் என்று பத்துப் பேர் வந்தால் பெட்டி உயிரோடு இருக்கும். நேரத்தைச் சேர்வரில் உலகப் பொது நேரமான யூடிசியில் வைத்து, காட்டும்போது அவரவர் ஊர் நேரத்துக்கு மாற்றுங்கள்.

நீக்கும் பொத்தான், முறைப்பாட்டுப் பொத்தான், ஒருவரை மறைக்கும் பொத்தான் மூன்றும் முதல் நாளே இருக்க வேண்டும். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கின்றன. பத்துப் பேர் குழுதானே என்று விடாமல் இரண்டையும் ஒருக்கா வாசித்துவிடுங்கள். மின்னஞ்சல் முகவரியைத் தவிர வேறு தகவல் கேட்காமல் விட்டால் பாதிச் சுமை குறையும்.

சோதிப்பதும் வெளியிடுவதும்

குரோமில் நீட்சிகள் பக்கத்தில் டெவலப்பர் மோடைப் போட்டு, கோப்புறையை அப்படியே ஏற்றலாம். ஃபயர்பொக்ஸில் தற்காலிக நீட்சியாக ஏற்றினால் உலாவியை மூடியதும் போய்விடும். நீட்சியைத் திரும்ப ஏற்றியபிறகு வாசிப்பானின் பக்கத்தையும் புதுப்பியுங்கள். இல்லாவிட்டால் பக்கத்தில் பழைய கன்டென்ட் ஸ்கிரிப்ட் தாய் இல்லாமல் நின்று, 'கொன்டெக்ஸ்ட் இன்வாலிடேட்டட்' என்று கத்தும். பிழை உங்கள் நிரலில் என்று நினைத்து மணிக்கணக்காகத் தேடாதீர்கள்.

குரோம் கடையில் டெவலப்பர் பதிவுக்கு ஒருமுறை 5 டொலர் கட்ட வேண்டும். வெளிநாட்டுக் கொடுப்பனவு திறந்திருக்கும் வங்கி அட்டை தேவை. ஃபயர்பொக்ஸில் காசில்லை. பட்டியலில் போடாமல் மொசில்லாவிடம் கையொப்பம் மட்டும் வாங்கி, கோப்பை நண்பர்களுக்கு நேரடியாக அனுப்பவும் முடியும். பத்துப் பேர் கட்டத்தில் இதுதான் தோது. 2025 நவம்பரிலிருந்து, புதிய நீட்சிகள் என்ன தரவை வெளியே அனுப்புகின்றன என்று ஃபயர்பொக்ஸுக்கு மேனிஃபெஸ்டிலேயே அறிவிக்க வேண்டும். எந்தக் கடையானாலும் நிரல் முழுக்க நீட்சிக்குள்ளேயே இருக்க வேண்டும். உங்கள் சேர்வரிலிருந்து ஜாவாஸ்கிரிப்டை இறக்கி ஓட்டுவதை 3ஆம் பதிப்பு அனுமதிக்காது.

ஆண்ட்ராய்ட் போனில் குரோம் நீட்சிகளை ஏற்பதில்லை. ஃபயர்பொக்ஸ் 2023 டிசம்பரிலிருந்து எல்லா டெவலப்பர்களுக்கும் அதைத் திறந்துவிட்டது. உங்கள் கூட்டத்தில் பாதிப்பேர் போனில்தான் படிப்பார்கள் என்றால் ஃபயர்பொக்ஸ் பதிப்பை முதலில் முடியுங்கள். போனில் பெட்டியைத் திறந்ததும் விசைப்பலகை எழும்பித் திரையில் பாதியை மூடும். அனுப்பும் பொத்தான் அதற்கு மேலே தெரிகிறதா என்று ஒரு சின்னத் திரைப் போனில் பார்த்துவிட்டு, அப்புறம் கோப்பை அனுப்புங்கள்.